பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது எப்படி? பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

இணையப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே பலரும் முதலில் கேட்பது, "எந்த ஆப் போட்டால் பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்க்கலாம்?" என்பதுதான். கேள்வி புரிகிறது. ஆனால் இணையத்தில் ஒரு பிள்ளைக்குச் சிக்கல் வந்தால் அது முதலில் தெரிவது அந்தப் பிள்ளைக்குத்தான். ஆப்புக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் அப்புறம்தான் தெரியும். அன்றைக்கே வந்து சொல்லிவிட்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மூன்று வாரம் கழித்து, படம் பத்து குரூப்பில் சுற்றிய பிறகு தெரிந்தால், செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

சரி, ஏன் சொல்வதில்லை? திட்டு விழும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், ஃபோனைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது. பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைக்கு ஃபோன் போனால் நண்பர்களும் சேர்ந்து போய்விடுகிறார்கள். வம்பு செய்தவன் நிம்மதியாக இருக்க, வந்து சொன்ன பிள்ளைக்குத் தண்டனை. அந்தக் கணக்குப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் இந்த வழிகாட்டியில் செட்டிங்ஸ் மூன்றாவது படியில்தான் வருகிறது.

படி 1: சொன்னால் நஷ்டமில்லை என்று ஆக்குங்கள்

ஒருநாள் உட்கார்ந்து, தெளிவாக, வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இணையத்தில் என்ன நடந்தாலும், அதில் உன் தப்பே இருந்தாலும், என்னிடம் வந்து சொன்னதற்காக ஃபோனை வாங்க மாட்டேன்." இரவு எத்தனை மணிக்கு ஃபோனை வைக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் தனி. அவற்றை இதோடு கலக்காதீர்கள்.

வாக்குக் கொடுப்பது சுலபம். பிள்ளைகள் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். முதலில் சின்னதாக ஏதாவது காட்டுவார்கள்: கெட்ட வார்த்தை நிறைந்த ஒரு வீடியோ, வகுப்புத் தோழன் அனுப்பிய அசிங்கமான மீம். அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். "இதையெல்லாம் யார் உனக்கு அனுப்பினது? அவன் சகவாசமே வேண்டாம்" என்று குதித்தால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். "சொன்னது நல்லதாப் போச்சு. இதைப் பார்த்தப்போ உனக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டால், நாளை பெரிய விஷயமும் உங்களிடம் வரும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வாக்கியத்தை மட்டும் எப்போதும் சொல்லாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு இதே படி கொஞ்சம் வேறு மாதிரி. மாணவர் வந்து சொன்னால் அடுத்து என்ன நடக்கும், யாரிடம் போகும், வீட்டுக்கு எப்போது தெரிவிப்பீர்கள் என்பதை வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் உறுதி தராதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அந்த உறுதியை நீங்கள் மீறித்தான் ஆக வேண்டும். அப்புறம் அந்தப் பிள்ளை யாரையும் நம்பாது.

ரகசியக் கண்காணிப்பு பற்றி என் கருத்து: சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாட்டு ஆப்கள் இருக்கலாம், ஆனால் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதின்ம வயதில் மறைமுகமாக மெசேஜ்களைப் படிப்பது ஒருநாள் வெளிவந்தே தீரும். வெளிவந்ததும் உங்களுக்குத் தெரியாத இரண்டாவது அக்கவுண்ட் ஒன்று பிறக்கும். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் குழு 2021இல் வெளியிட்ட 25ஆம் பொதுக் கருத்துரையும் இதையே சொல்கிறது: பெற்றோர் கண்காணிப்பது அளவோடும், பிள்ளையின் வளரும் பக்குவத்துக்கு ஏற்றபடியும் இருக்க வேண்டும்.

படி 2: வயதைப் பற்றிப் பொய் வேண்டாம்

பெரும்பாலான சமூக வலைத்தளங்கள் 13 வயது என்று எல்லை வைத்திருக்கின்றன. 13 வயதில் பக்குவம் வந்துவிடும் என்று யாரோ ஆராய்ந்து சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அமெரிக்காவில் 1998இல் நிறைவேறிய ஒரு சட்டம், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றது. அந்தத் தலைவலியைத் தவிர்க்க நிறுவனங்கள் 13ஐ எல்லையாக எடுத்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ள இடம் தந்தன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழானவர்கள் முக்கியச் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. எண் நாட்டுக்கு நாடு மாறுகிறது. உங்கள் பிள்ளையின் பக்குவத்தை நீங்கள்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பிறந்த ஆண்டை மாற்றிப் போடுவதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. 10 வயதுப் பிள்ளை, 13 என்று சொல்லிக் கணக்குத் தொடங்கினால், அதன் 15ஆவது வயதிலேயே அந்தக் கணக்குக்கு 18 ஆகிவிடும். பதின்ம வயதினருக்கென்று நிறுவனம் வைத்திருக்கும் பாதுகாப்புகள் எல்லாம் அன்றைக்கே கழன்றுவிடும். இப்படி ஏற்கெனவே செய்திருந்தால் இன்றைக்கே சரிசெய்யுங்கள்.

படி 3: சேர்ந்து உட்கார்ந்து கணக்குகளைப் பூட்டுங்கள்

இதை நீங்களாகச் செய்து முடித்துவிடாதீர்கள். ஃபோன் பிள்ளையின் கையில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதலில் மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதான் வரும். மின்னஞ்சல் போனால் எல்லாம் போச்சு.

பாஸ்வேர்டில் ஒரு ஆச்சரியக்குறி, ஒரு எண், ஒரு பெரிய எழுத்து என்பது பழைய அறிவுரை. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் 2017இலேயே அதைக் கைவிட்டு, நீளம்தான் முக்கியம் என்றது. குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதையும் வேண்டாம் என்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து எழுதினால் போதும். நினைவிலும் நிற்கும். ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) ஆன் செய்யுங்கள். ஓடிபி யார் கேட்டாலும், உயிர் நண்பன் பெயரில் வந்து கேட்டாலும், தரக் கூடாது. அந்த நண்பனின் கணக்கே திருடப்பட்டிருக்கலாம்.

பிள்ளைகள் உலகத்தில் கணக்கு பறிபோவதற்கு ஹேக்கர் தேவையில்லை. "என் மேல நம்பிக்கை இருந்தா பாஸ்வேர்ட் சொல்லு" என்பது அங்கே நட்பின் அடையாளம். நட்பு முறிந்த அன்று இரவே அந்தக் கணக்கிலிருந்து பத்துப் பேருக்கு அசிங்கமான மெசேஜ் போகும். இதைக் கதையாகச் சொல்லுங்கள், உடனே புரியும். "எங்க வீட்ல சொல்லக் கூடாதுன்னு ரூல்" என்று பழியை உங்கள் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ள அனுமதியும் கொடுங்கள்.

அப்புறம் தனியுரிமை செட்டிங்ஸ். யார் மெசேஜ் அனுப்பலாம், யார் குரூப்பில் சேர்க்கலாம், யார் டேக் செய்யலாம் என்ற மூன்றையும் "தெரிந்தவர்கள் மட்டும்" என்று வையுங்கள். கேமராவுக்கு இருப்பிட அனுமதி வேண்டாம். படம் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகும். சமூக வலைத்தளங்கள் பதிவேற்றும்போது அதைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. ஆனால் அதே படத்தை ஃபைலாக அனுப்பினால் இடமும் சேர்ந்தே போகலாம்.

ஒரு பயிற்சி. ஏதாவது ஒரு சாதாரணப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சீருடையில், வாசலில் நின்று எடுத்த படம் என்றால் இன்னும் நல்லது. பிள்ளையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தப் படத்தை மட்டும் வைத்து, நாளை காலையில் இவன் எங்கே இருப்பான் என்று கண்டுபிடிக்க முடியுமா?" சட்டைப் பையில் பள்ளியின் சின்னம், கழுத்து அட்டையில் பெயரும் வகுப்பும், பின்னால் நிற்கும் பேருந்தின் எண், பாதி தெரியும் கடைப் பலகை, "தினமும் இங்கதான் வெயிட்டிங்" என்ற கேப்ஷன், தினசரி ஒரே நேரத்தில் போட்ட பதிவுகள். பிள்ளைகள் துப்பறிவாளர் ஆகிவிடுவார்கள். பெரியவர்கள் பார்க்காததையெல்லாம் கண்டுபிடிப்பார்கள். முடிந்ததும் தங்கள் பழைய படங்களைத் தாங்களே போய்த் தேடி நீக்குவார்கள், நீங்கள் சொல்லவே வேண்டாம்.

படி 4: ஆளை அல்ல, காய் நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்

"தெரியாதவர்களிடம் பேசாதே" என்பது வேலை செய்வதில்லை. இரண்டு வாரம் சேர்ந்து விளையாடியவர் பிள்ளையின் கணக்கில் "தெரியாதவர்" இல்லை, நண்பர். அதனால் எப்படிப் பேச்சு நகர்கிறது என்பதைக் காட்டுங்கள். இந்தப் பேச்சைத் தாளில் எழுதி, வரி வரியாக மறைத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டலாம்:

"செம ஆட்டம் ப்ரோ. இந்தா, உனக்கு ஒரு ஸ்கின் கிஃப்ட்."
"எந்த க்ளாஸ் படிக்கிற?"
"இப்போ ரூம்ல தனியாவா இருக்க?"
"இங்க சாட் சரியில்ல, வேற ஆப்புக்கு வா. அங்க ஃப்ரீயா பேசலாம்."
"உங்க வீட்ல சொன்னா தப்பா எடுத்துப்பாங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்."
"ஒரு ஃபோட்டோ அனுப்பேன்."

எந்த வரியில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் கடைசி வரி என்பார்கள். பேசப் பேச மேலே ஏறுவார்கள். முதல் வரியில் தப்பில்லை (ஸ்கின் என்பது விளையாட்டில் வரும் பாத்திரத்துக்குப் போடும் அலங்காரம்). இரண்டாவதும் சாதாரணம்தான். தனியாக இருக்கிறாயா என்பதும், வேறு ஆப்புக்கு வா என்பதும், ரகசியம் என்பதும்தான் குறி. இதில் இரண்டு வந்தாலே ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும். ரகசியம் காக்கச் சொல்லும் பெரியவர் எவரும் நல்லெண்ணத்தில் சொல்வதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொரு வகை இதைவிட வேகமானது. அழகான ஒரு புரொஃபைலிலிருந்து ரிக்வெஸ்ட் வரும். கொஞ்ச நேரத்திலேயே அந்தரங்கப் படம் ஒன்று அனுப்பி, பதிலுக்குக் கேட்பார்கள். அனுப்பிய அடுத்த நிமிடம் தொனி மாறும்: "பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் போகும்." பணம் கேட்கும் இந்த மிரட்டலில் பதின்ம வயது ஆண் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். பெண் பிள்ளைகளை மட்டும் எச்சரித்துவிட்டு ஆண் பிள்ளைகளை விட்டுவிடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடந்துவிட்டால்: பணம் கொடுக்காதே. கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை, தொகைதான் ஏறும். பதில் போடாதே. பேச்சை அழிக்காதே. உடனே ஒரு பெரியவரிடம் வா. காவல்துறைக்குப் போகலாம். படம் பரவாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் ஃபோனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண்கோவை உருவாகி, அது மட்டும் போகும். சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்த எண்கோவையை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். 18 வயதைத் தாண்டியவர்களுக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'ஸ்டாப் என்சிஐஐ' இதே முறையில் இயங்குகிறது.

பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 18 வயதுக்குக் கீழானவரின் அந்தரங்கப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம். "ஆதாரம்" என்று நினைத்து அந்தப் படத்தை ஆசிரியருக்கோ உறவினருக்கோ அனுப்பிவிடாதீர்கள். கணக்கின் பெயர், மிரட்டல் வரிகள், நேரம் ஆகியவை போதும். ஏஐ வைத்து முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படத்துக்கும் இதே மாதிரி நடவடிக்கைதான். பாதிக்கப்பட்ட பிள்ளை எதையுமே அனுப்பாமல் இருந்தாலும் அவமானம் ஒன்றுதான். "நீ ஏன் படம் போட்டாய்?" என்று கேட்காதீர்கள்.

படி 5: அனுப்புவதற்கு முன்

இணையத்தில் நல்ல குடிமகனாக இருப்பது பற்றிப் பெரிய சொற்பொழிவு எதுவும் தேவையில்லை. நேரில் சொல்லத் துணியாததை மெசேஜில் ஏன் சொல்லிவிடுகிறோம் என்பதைப் பிள்ளைகள் உணர்ந்தால் பாதி வேலை முடிந்தது. உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் இதைப் பற்றி எழுதினார். எதிராளியின் முகம் தெரியாது, நம் முகமும் தெரியாது, பதிலுக்கு எழும் வலியை உடனே பார்க்க வேண்டியதில்லை. தயக்கம் கழன்றுவிடுகிறது.

"நீ வராத, பரவால்ல" என்று பலகையில் எழுதுங்கள். மூன்று பேரை மூன்று விதமாகப் படிக்கச் சொல்லுங்கள்: அக்கறையாக, எரிச்சலாக, கிண்டலாக. எழுத்தில் தொனி போவதில்லை என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், வகுப்பே சிரித்துப் புரிந்துகொள்ளும்.

அடுத்தவர் படத்தைப் போடுமுன் கேட்க வேண்டும் என்ற பழக்கத்தை நீங்களே தொடங்குங்கள். பிள்ளையின் படத்தைக் குடும்ப குரூப்பில் போடுவதற்கு முன் "போடவா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்றால் போடாதீர்கள். பத்து வகுப்பில் வராத பாடம் அதில் வந்துவிடும். தானாக மறையும் மெசேஜ் என்பதை நம்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இன்னொரு ஃபோனால் திரையைப் படம் எடுப்பதை எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது.

ஃபார்வேர்டு விஷயத்தில் வாட்ஸ்அப்பே ஒரு துப்பு தருகிறது. பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி இருக்கும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இரட்டை அம்பைப் பார்த்தால் நின்று யோசிக்கலாம். உண்மையா என்று பார்ப்பதற்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க் குழு கண்ட வழி சுலபமானது. வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரை ஒப்பிட்டார்கள். முதல் இரு தரப்பும் அதே பக்கத்தில் உட்கார்ந்து அதன் அழகான வடிவமைப்பையும் லோகோவையும் பார்த்து அடிக்கடி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார் என்று மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் எனத் தேடினார்கள். பிள்ளைகளுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம்: உள்ளே உட்கார்ந்து ஆராயாதே, வெளியே போய் விசாரி.

படி 6: கலாய்ப்பது எங்கே கொடுமையாகிறது

"சும்மா கலாய்ச்சோம் சார்." எந்தப் பள்ளியிலும் கேட்கும் பதில் இது. கேலிக்கும் கொடுமைக்கும் கோடு எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொன்னால்தான் அந்தப் பதில் செல்லாமல் போகும். பள்ளிகளில் நடக்கும் கொடுமை பற்றிய ஆய்வின் முன்னோடியான டான் ஓல்வியஸ் மூன்று அடையாளம் வைத்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது. இணையத்தில் இரண்டாவது அடையாளத்துக்குப் புது அர்த்தம் வந்துவிட்டது. ஒருவன் ஒரே ஒரு முறை போட்ட படத்தை நாற்பது பேர் பகிர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு அது நாற்பது முறை நடக்கிறது. பலம் என்பதும் உடம்பைப் பொறுத்ததில்லை. குரூப் அட்மின் யார், யாரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பிள்ளைகளிடம் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: அவனும் சிரிக்கிறானா? "போதும்" என்று சொன்னால் நிற்குமா? அடுத்த முறை நீ அந்த இடத்தில் இருந்தால் சம்மதமா?

வடிவங்களையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு வகுப்பு முழுக்க இன்னொரு குரூப் தொடங்குவது. தூங்கும்போது எடுத்த படத்தை ஸ்டிக்கர் ஆக்குவது. அவன் பெயரில் போலிக் கணக்கு. "வகுப்பில் யார் அசிங்கம்?" என்று வாக்கெடுப்பு. தனியாகச் சொன்ன ரகசியத்தின் ஸ்கிரீன்ஷாட். விளையாட்டில் வேண்டுமென்றே ஒருவனை மட்டும் டீமிலிருந்து தூக்குவது. ஒதுக்கிவைப்பதைப் பெரியவர்கள் கொடுமையாகவே எண்ணுவதில்லை. பட்டவர்களைக் கேட்டால் அதுதான் அதிகம் வலித்தது என்பார்கள்.

இந்தப் படியில் மூச்சைச் செலவிட வேண்டிய இடம், வேடிக்கை பார்ப்பவர்கள். எந்த குரூப்பிலும் செய்பவர் ஒன்றிரண்டு பேர், படுபவர் ஒருவர், மற்ற முப்பது பேர் பார்ப்பவர்கள். கனடாவில் பள்ளி மைதானங்களில் வீடியோ எடுத்து ஆராய்ந்தார்கள். 2001இல் வெளிவந்த முடிவின்படி, சக மாணவர் ஒருவர் குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து நொடிக்குள் கொடுமை நின்றுபோனது. ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி குழு உருவாக்கிய 'கிவா' திட்டம் 2009இலிருந்து அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது. அதன் அடிப்படையும் பார்ப்பவர்களை மாற்றுவதுதான்.

ஆனால் "துணிந்து எதிர்த்துக் கேள்" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். "நான் கேட்டா என்னையும் கலாய்ப்பாங்க" என்பது உண்மையான பயம். அதனால் சின்னச் சின்ன வழிகளைக் கொடுங்கள். சிரிக்கும் எமோஜி போடாமல் இருப்பதே ஒரு செயல். பேச்சை மாற்ற, "நாளைக்கு டெஸ்ட் எந்த யூனிட்?" என்று கேட்டுவிடலாம், குரூப் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓர் ஆசிரியரிடம் கொடுக்கலாம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக ஒரு மெசேஜ்: "குரூப்ல போட்டது எனக்குப் பிடிக்கல. நீ ஓகேவா? நாளைக்கு லஞ்சுக்கு எங்ககூட உட்காரு." யாருக்கும் தெரியாது, எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் எல்லாரும் தனக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த இரவில் அது எவ்வளவு பெரிய விஷயம்! இப்படி ஒரு மெசேஜை வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பார்க்கட்டும். எழுதிப் பழகியது தேவைப்படும்போது கைக்கு வரும்.

படி 7: நடந்துவிட்டது, இப்போது என்ன?

முதலில் கேளுங்கள். குறுக்கே பேசாமல், முழுதாக. "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி இப்போது வேண்டாம். பிள்ளை என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறது என்பதையும் கேளுங்கள். தங்களுக்குத் தெரியாமல் பெரியவர்கள் ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம் பிள்ளைகளுக்கு உண்டு.

அடுத்தது ஆதாரம். இதில் வரிசை முக்கியம்: பிளாக் செய்வதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட். பிளாக் செய்த பிறகு சில ஆப்களில் பேச்சு கண்ணில் படாமல் போகும், எதிராளியும் அழித்துவிடலாம். மெசேஜை மட்டும் எடுத்தால் போதாது. தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அந்தக் கணக்கின் புரொஃபைல் பக்கத்தைத் தனியாக எடுங்கள். மேலே தெரியும் பெயரை நொடியில் மாற்றிவிடலாம், அதனால் யூசர்நேமும் பக்கத்தின் லிங்கும் வேண்டும். முன்னும் பின்னும் நடந்த பேச்சும் இருந்தால்தான் "அவன்தான் ஆரம்பித்தான்" என்ற வாதத்துக்குப் பதில் கிடைக்கும். ஸ்னாப்சாட் போன்றவற்றில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தகவல் போகும். அங்கே இன்னொரு ஃபோனால் திரையைப் படம் எடுங்கள்.

பிறகு ஆப்பிலேயே ரிப்போர்ட், அதன் பின் பிளாக். ஒரே வகுப்பில் படிப்பவன் என்றால் பிளாக் செய்தது தெரிந்து இன்னும் கொதிக்கலாம். இன்ஸ்டாகிராம் 2019இல் கொண்டுவந்த 'ரெஸ்ட்ரிக்ட்' இதற்கென்றே உள்ளது. அவன் போடும் கமென்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும், தான் கட்டுப்படுத்தப்பட்டது அவனுக்குத் தெரியாது.

பள்ளிக்குப் போவதானால் தேதிவாரியாக எழுதி, ஸ்கிரீன்ஷாட்களை இணைத்துக் கொடுங்கள். எந்த நாளுக்குள் பதில் வரும் என்று கேளுங்கள். எதிர்த்தரப்புப் பெற்றோருக்குக் கோபத்தில் ஃபோன் போடாதீர்கள், அது பெரும்பாலும் பெரியவர்கள் சண்டையாக முடியும். பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து "கை குலுக்கிக்கோங்க" என்று முடித்துவைப்பது இரு நண்பர்களின் சண்டைக்குச் சரி. பலம் சமமில்லாத இடத்தில் அது பாதிக்கப்பட்ட பிள்ளையை இன்னொரு முறை தோற்கடிப்பது. தனித்தனியே பேசுங்கள்.

கொலை மிரட்டல், அந்தரங்கப் படம், பணம் பறிப்பு, பெரியவர் ஒருவர் சம்பந்தப்பட்டிருப்பது என்றால் பள்ளி மட்டத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. காவல்துறை அல்லது உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண். அந்த எண்ணைத் தேவைப்படும் நாளில் தேடாமல், இன்றைக்கே பிள்ளையின் ஃபோனில் சேமித்து வையுங்கள்.

அடுத்த சில வாரங்கள் கவனம் வேண்டும். தூக்கம் கெடுகிறதா, பள்ளிக்குப் போகத் தயக்கமா, நோட்டிஃபிகேஷன் சத்தத்துக்கே திடுக்கிடுகிறதா? "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்பது போன்ற பேச்சு வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடமோ உதவி எண்ணிடமோ போங்கள்.

படி 8: செய்தது உங்கள் பிள்ளையாக இருந்தால்

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தப் பக்கமே வருவதில்லை. எல்லா வீட்டிலும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால், செய்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

"என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்ற முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். பிள்ளையிடம் "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் "தெரியல" என்றுதான் வரும். "எப்படி ஆரம்பிச்சது? அடுத்து யார் என்ன போட்டா?" என்று நடந்த வரிசையைக் கேளுங்கள். சில நேரம் அவனும் வேறொரு குரூப்பில் படுகிறவனாக இருப்பான்.

படி 1இல் கொடுத்த வாக்கு சொன்னதற்குத் தண்டனையில்லை என்பதுதான். செய்ததற்குப் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பு செயலோடு சேர்ந்ததாக இருக்கட்டும்: படத்தை நீக்குவது, யார் யாருக்கு அனுப்பினானோ அவர்களை ஒவ்வொருவராகத் தொடர்புகொண்டு நீக்கச் சொல்வது, குரூப் அட்மின் பொறுப்பை விடுவது. ஆதாரம் பள்ளியிடம் சேர்ந்த பிறகே நீக்க வேண்டும். வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்கவைப்பது பெரியவர்களுக்குத் திருப்தி தரலாம், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அது இன்னொரு காட்சிப்பொருள் ஆவது. அவர் விரும்பினால் மட்டும், விரும்பிய விதத்தில் மன்னிப்பு.

படி 9: ஒருநாள் விழாவாக முடித்துவிடாதீர்கள்

பிப்ரவரியில் பாதுகாப்பான இணைய நாள் வருகிறது. 2004இலிருந்து கடைப்பிடிக்கிறார்கள். அன்றைக்குச் சுவரொட்டி, உறுதிமொழி, பேச்சுப்போட்டி, மறுநாள் வழக்கம்போல. அந்த நாளைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாரத்துக்குப் பத்து நிமிடம், வருடம் முழுக்க என்பதுதான் பலன் தரும். ஒரு வாரம் படத்தைத் துப்பறிவது, ஒரு வாரம் அந்த ஆறு வரிப் பேச்சு, ஒரு வாரம் தனி மெசேஜ் எழுதுவது. பெயர் எழுதாமல் கேள்வி போட வகுப்பில் ஒரு பெட்டி வையுங்கள். நீங்கள் கேள்வியே படாத ஆப்களின் பெயரெல்லாம் அதிலிருந்துதான் தெரியவரும். பெரிய வகுப்பு மாணவர்கள் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுக்கட்டும். ஆசிரியர் சொன்னால் அறிவுரை, அண்ணன் சொன்னால் விஷயம்.

வீட்டில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள், எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைக்கு மட்டும் விதி எழுதினால் அது ஒப்பந்தம் இல்லை, உத்தரவு. இரவில் எல்லார் ஃபோனும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து. குரலையே ஏஐ நகலெடுக்கும் காலம் என்பதால், அவசரம் என்று யாராவது பணம் கேட்டு அழைத்தால் சரிபார்க்கக் குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான விதி ஒன்றைப் பிள்ளையே எழுதட்டும். "சாப்பிடும்போது ஆஃபீஸ் மெயில் பார்க்கக் கூடாது" என்று வந்தால் மறுக்காமல் கையெழுத்துப் போடுங்கள். புது ஃபோன், புது ஆப், புது வகுப்பு என்று எது மாறினாலும் அந்தத் தாளை எடுத்துத் திருத்தி எழுதுங்கள்.